கரிம பாசுபரசு நச்சேற்றத்தில் அட்ரோபின்

அட்ரோபின் என்பது பெல்லடோனா, ஊமத்தை ஆகிய செடிகளில் உள்ள ஓர் அல்கலாய்டு ஆகும். மஸ்கரினிக் ஏற்பிகளில் அசிட்டைல்கோலின் அமரவிடாமல் போட்டியிட்டுத் தடுக்கும் இது, கோலின் எதிர்ப்பு மருந்துகளுக்கு முதன்மை எடுத்துக்காட்டு. கண்பாவையை விரிக்கவும் இதயத் துடிப்பைக் கூட்டவும் பயன்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதன் உயிர்காக்கும் பயன், பூச்சிக்கொல்லி அருந்தியவர்களின் சிகிச்சையிலேயே அதிகம் தெரிகிறது.

குளோர்பைரிபாசு, மோனோகுரோட்டோபாசு போன்ற கரிம பாசுபரசுப் பூச்சிக்கொல்லிகள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகின்றன. சிதைக்கப்படாத அசிட்டைல்கோலின் இருவகை ஏற்பிகளையும் தூண்டுகிறது. மஸ்கரினிக் ஏற்பிகளால் வியர்வை, உமிழ்நீர், வயிற்றுப்போக்கு, ஊசிமுனைக் கண்பாவை, இதயத் துடிப்புக் குறைவு ஆகியன தோன்றும். இவற்றுள் உயிருக்கு நேரடி ஆபத்தானது மூச்சுக்குழலில் பெருகும் நீர். நோயாளி தன் சுரப்பிலேயே மூழ்குகிறார் எனலாம். நிக்கோட்டினிக் ஏற்பிகளால் தசைத் துடிப்பும் பின்னர்த் தசைச் செயலிழப்பும் ஏற்படும்.

அறுவைக்கு முன் 0.6 மி.கி. அட்ரோபின் போதும். இங்கோ பெரியவர்களுக்கு 1 முதல் 3 மி.கி. வரை சிரைவழி செலுத்தி, ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையெனில் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். மொத்தம் பல பத்து மி.கி. தேவைப்படலாம். ஏற்பிக்காக நடக்கும் போட்டியில் தேங்கிய அசிட்டைல்கோலினை வெல்ல வேண்டியிருப்பதே காரணம்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் மாணவர்கள் தடுமாறுகின்றனர். கண்பாவை விரிந்ததை மட்டும் நம்பக்கூடாது. நுரையீரலில் நீரொலியும் இழுப்பொலியும் மறைய வேண்டும். நாடித்துடிப்பு 80-க்கு மேலும், சிசுடாலிக் இரத்த அழுத்தம் 80-க்கு மேலும் இருக்க வேண்டும். அக்குள் உலர வேண்டும். தொடக்கத்திலேயே நாடி வேகமாக இருந்தாலும் மருந்தை மறுக்கலாகாது. நிக்கோட்டினிக் தூண்டலும் ஆக்சிசன் குறைவும்கூட நாடியை விரைவுபடுத்தும். பின்னர், ஏற்றிய மொத்த அளவில் 10–20 விழுக்காடு மணிதோறும் சொட்டாகத் தரப்படுகிறது. பிதற்றல், காய்ச்சல், குடலொலி நிற்றல், சிறுநீர் அடைப்பு ஆகியன சேர்ந்து தோன்றினால் அளவு மிஞ்சிவிட்டது எனக் கொள்ள வேண்டும்.

அட்ரோபின் நிக்கோட்டினிக் ஏற்பிகளைத் தொடுவதில்லை. ஆகவே நெஞ்சு உலர்ந்த பிறகும் மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். அப்போது செயற்கைச் சுவாசமே துணை. முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்சைம், நொதி மீளாநிலை அடையும் முன் தரப்பட வேண்டும். எனினும் 2009-இல் வெளியான இலங்கை ஆய்வில் அது இறப்பைக் குறைக்கவில்லை.