வண்டியைத் தாங்குவது ரப்பரா, காற்றா?

பெட்ரோல் பங்கில் காற்று நிரப்பும்போது, "முன்னாடி 25, பின்னாடி 28" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே மோட்டார் சைக்கிள்தானே, எண் மட்டும் ஏன் வேறு?

ஓட்டுபவர் உட்காரும் இடம் பின்சக்கரத்துக்குப் பக்கம். அதனால் பின்சக்கரத்துக்குச் சுமை அதிகம். அந்தச் சுமையைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்ட காற்று. 28 பி.எஸ்.ஐ. என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 2 கிலோவைத் தாங்கும் அழுத்தம். பின்சக்கரத்தின் மேல் 100 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 2-ஆல் வகுத்தால் 50. டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 50 சதுர சென்டிமீட்டர்! விரல்களை விட்டுவிட்டு உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் அந்தச் சிறிய இடத்தை நம்பித்தான்.

நீங்களும் பின்னால் ஏறிக்கொண்டால்? உங்கள் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்கே போகும். டயர் இன்னும் அமுங்கும். சக்கரம் சுற்றச் சுற்ற, அமுங்கி அமுங்கி நிமிரும் ரப்பர் சூடேறும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், டயரின் ஓரங்கள் தேயும். சூடு மிக அதிகமானால் டயர் வெடிக்கவும் கூடும். அதனால்தான் இருவர் போகும்போது பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட்டி அடிக்கச் சொல்கிறார்கள். அதற்காக அளவு மீறவும் கூடாது. மீறினால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும், வண்டி குதிக்கும், பிடிப்பு குறையும்.

எப்போது அளப்பது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் ஏறும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினாலே 28 ஏறக்குறைய 29½ ஆகிவிடும். வெகுதூரம் ஓடி வந்தவுடன் அளந்து, "அதிகமாக இருக்கிறதே" என்று காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் அழுத்தம் தேவைக்குக் கீழே போய்விடும். காலையில் வண்டி கிளம்பும் முன் அளப்பதே சரி.

டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அழுத்தம், அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு உரிய எண் அதன் கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் பின்சக்கரத்துக்கு அருகே ஒட்டிய சீட்டிலும் இருக்கும். ஒருவர் போனால் எவ்வளவு, இருவர் போனால் எவ்வளவு என்று இன்றே தேடிப் பார்த்து, வீட்டில் வண்டி ஓட்டுபவரிடம் சொல்லுங்கள்.