ஆயில் மாற்றினால் மட்டும் போதுமா?

"ஆயிலை மட்டும் மாத்திடுப்பா, வண்டி சரியாயிடும்!"

சென்னையில் மெக்கானிக் கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பர்சைக் காலி செய்துவிடும்!

ஆயில் செய்யும் வேலை

என்ஜினுக்குள் பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்குகிறது. நடுவில் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைப்பது ஆயில். சூட்டைத் தணிப்பதும், துருப் பிடிக்காமல் காப்பதும், கரியை இழுத்து வருவதும் அதுதான்.

அதனால் ஆயில் கறுத்துவிட்டதே என்று பதற வேண்டாம். வண்டியோடு தந்த புத்தகத்தில் கிலோமீட்டர் கணக்கும் மாதக் கணக்கும் இருக்கும். எது முந்துகிறதோ அப்போது மாற்றினால் போதும். ஆனால் பால் விட்ட காபி மாதிரி வெளுத்திருந்தால் உஷார்! உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது.

கார் ஆயில் வேண்டாம்

காருக்கு ஊற்றி மிஞ்சிய ஆயிலை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது தப்பு. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தட்டும் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. வழுக்கல் கூடினால் கிளட்ச் நழுவும். டப்பாவில் "ஜாசோ எம்.ஏ." என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

"கொஞ்சம் கூடவே ஊத்து" என்பதும் ஆகாது. அளவு மிஞ்சினால் ஆயில் நுரைத்து, படலம் அறுந்துபோகும்.

ஆயிலால் ஆகாதது

சைலன்சரில் நீலப் புகை வருகிறதா? பெரும்பாலும் ரிங் தேய்ந்திருக்கும். அல்லது வால்வு சீல் போயிருக்கும். புது ஆயில் ஊற்றினாலும் எரிந்துதான் போகும். ஏர் பில்டர், செயின், பிரேக் ஆயில், இவற்றுக்கெல்லாம் தனிக் கவனிப்பு வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் நகரில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதுதான் பெரிய ஆபத்து.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நின்றால், மேலே வரும் பிஸ்டன் முட்டிக்கொள்ளும். கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலும் அப்போது காப்பாற்றாது!

சாவியைத் தொடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே நல்லது. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

சிவப்பு விளக்கு!

காரில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். "ஆபீசுக்கு லேட்டாகுது, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் என்ஜின் "சீஸ்" ஆகிவிடும்.

வாரம் ஒரு முறை டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். என்ஜினை இறக்கிப் பிரித்தால் ஒரு மாதச் சம்பளம் காலி!