துண்டும் சுயவிபரக் கோவையும்

ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதி அளிக்கும் சாட்சியமே சுயவிபரக் கோவை. உத்தியோகம் வழங்குவோர் விண்ணப்பதாரரின் முகத்தைக் காணுமுன் அவ்வெழுத்தையே காண்கின்றனர். ஆதலின் அதனை முறையறிந்து வரைதலும் கல்வியின் ஒரு கூறேயாம்.

இத்தாளின் அருமையைப் பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி முதலிய மலையகத் தோட்டங்களில் வாழ்வோர் நன்கு உணர்தற்கு அவர்தம் வரலாறே காரணமாகும். முற்காலத்தில் தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்பின், துரையிடமிருந்து கங்காணி பெற்ற 'துண்டு' என்னும் கடிதம் வேண்டப்பட்டது. குறித்த கடன் தீர்க்கப்படின் இன்னார் விடுவிக்கப்படுவர் என்பதே அதன் சாரம். உழைப்போரின் திறமைக்கும் ஒழுக்கத்திற்கும் அதில் இடமில்லை. கடன் ஒன்றே அவர்தம் விபரமாயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை ஒழித்தது. பிறர் எழுதிய தாளினால் அலைக்கழிந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று தம் விபரத்தைத் தாமே எழுதுகின்றனர். அவ்வுரிமை கவனக் குறைவினாற் பயனற்றுப் போதல் தகாது.

முதலிற் கருதற்பாலது பெயர். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், பரீட்சைப் பெறுபேற்றில் வேறொருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் மற்றொருவிதமாகவும் பெயர் அமைந்திருத்தல் தோட்டப்புறங்களில் அரிதன்று. தமிழ்ப் பெயரைப் பிறமொழியாளர் தம் செவிக்குப் புலப்பட்டவாறு பதிந்தமை இதற்கொரு காரணம். அடையாள அட்டையில் உள்ளவாறே பெயரை எழுதி, வேறுபாட்டை விளக்கும் சத்தியக்கடதாசியை ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று. பிழையைத் திருத்துவிக்கும் முயற்சியைப் பாடசாலைப் பருவத்திலேயே தொடங்குதல் அதனினும் நன்று.

அடுத்தது முகவரி. லயன் வீடுகள் பலவற்றிற்குத் தனி முகவரி இல்லாமையின், கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தையே சென்றடைதல் மலையகத்தின் நெடுநாட் குறை. நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்புக் கடிதம் கைக்கு வருமாயின் பெற்ற தகுதியால் யாது பயன்? எனவே தோட்டம், பிரிவு, தபாற் கந்தோர் ஆகியவற்றோடு தொலைபேசி இலக்கத்தையும் தெளிவுறக் குறித்தல் வேண்டும். நகரில் நம்பத்தக்க உறவினர் இருப்பின் அவர் முகவரியையும் சேர்க்கலாம்.

மூன்றாவது, விபரங்களின் வரிசை. 1482ஆம் ஆண்டளவில் இத்தாலியரான லியனார்டோ டா வின்சி, மிலான் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் பணி வேண்டி வரைந்த கடிதம் இதற்குத் தக்க சான்று. பாலமும் பீரங்கியும் போர்ப்பொறியும் அமைக்கும் ஆற்றலை முதலிற் கூறிய அவர், ஓவியத் திறனை இறுதியிலேயே வைத்தார். கேட்போருக்கு வேண்டுவது யாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதுபோலவே, கணக்கு எழுதுநர் பதவியை நாடுவோர் கணிதப் பெறுபேற்றையும் கணக்கு வைத்த அனுபவத்தையும் முதலிலும், விளையாட்டுப் பரிசுகளைப் பின்னரும் கூறுதல் முறை.

நான்காவது, வாய்மை. 'மும்மொழியும் அறிவேன்' என்பதினும், 'தமிழில் எழுதுவேன்; சிங்களத்தில் உரையாடுவேன்; ஆங்கிலத்தில் வாசிப்பேன்' என்பது நம்பிக்கை தரும். தொழில் அனுபவம் இல்லாதோரும் வெறுங்கையர் அல்லர். தோட்டத்துச் சிறுவர்க்கு மாலையிற் பாடஞ் சொல்லிக்கொடுத்ததும், சங்கமொன்றின் கணக்கைப் பிழையின்றிப் பேணியதும் எழுதத்தக்கனவே. எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம் என்பதைக் குறிப்பின் அவை வலுப்பெறும். இல்லாத தகுதியை எழுதுவோர் நேர்முகப் பரீட்சையின் முதல் வினாவிலேயே தலைகுனிய நேரும்.

எஞ்சியவை சிலவே. தொடக்க நிலையினர்க்கு இரண்டு பக்கங்கள் போதும். நற்சாட்சி கூறுவோரின் சம்மதத்தை முன்னரே பெறுதல் வேண்டும். அரசாங்கப் பதவியாயின் வெள்ளிதோறும் வெளிவரும் வர்த்தமானியில் உள்ள மாதிரிப் படிவத்தையும் முடிவுத் திகதியையும் வழுவாது பின்பற்றல் அவசியம். எழுதியதனை ஆசிரியர் ஒருவர் வாசித்த பின்னரே தபாலிற் சேர்த்தல் நலம்.

ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் இப்பணிக்கு ஆண்டில் ஒரு நாளை ஒதுக்குவராயின், தகுதியிருந்தும் தாளிலே தோற்கும் இளைஞர் தொகை குறையும்.