ஜிராவின் பேக்கப் ஜிப்புக்குள் என்ன இருக்கிறது?

யாராவது "பேக்கப் எடுத்தாச்சு" என்று சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: ஜிப்பைத் திறந்து பார்த்தீங்களா?

ஜிராவைச் சொந்த சர்வரில் ஓட்டியவர்களுக்கு இது அவசரமான கேள்வி. அந்த சர்வர் பதிப்புக்கான ஆதரவை அட்லாசியன் 2024 பிப்ரவரி 15-உடன் நிறுத்திவிட்டது. பழைய டிக்கெட்டுகளை வேறு எங்காவது கொண்டுபோயாக வேண்டும்.

ஜிப்புக்குள் இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். என்டிட்டீஸ் என்பது பெரியது. டிக்கெட், கமெண்ட், பயனர்கள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் இதில்தான். ஆக்டிவ்ஆப்ஜெக்ட்ஸ் என்ற மற்றதில் ப்ளக்இன்களின் தரவு. இரண்டும் வெறும் உரைதான். ஜிரா இல்லாமலே எடிட்டரில் திறந்து படிக்கலாம். மைஎஸ்கியூஎல்லிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாறவும் இதே கோப்பு போதும். எனக்கு இந்த வடிவத்தில் பிடித்ததே அதுதான்.

பிடிக்காதது, இணைப்புகள். டிக்கெட்டில் போட்ட ஸ்க்ரீன்ஷாட், பிடிஎஃப் எதுவும் ஜிப்பில் வராது. கோப்பின் பெயர், அளவு, இணைத்தவர் யார் என்ற குறிப்பு மட்டும் வரும். ரீஸ்டோர் செய்தால் டிக்கெட்டில் பெயர் தெரியும், க்ளிக் பண்ணினால் ஒன்றும் திறக்காது! ஜிராவின் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் அட்டாச்மென்ட்ஸ் ஃபோல்டரைத் தனியாக நகலெடுக்க வேண்டும். ரெட்மைனிலும் இதே கதை: டேட்டாபேஸ் ஒன்று, ஃபைல்ஸ் ஃபோல்டர் ஒன்று. இன்னொன்று, ஜிராவில் ரீஸ்டோர் செய்தால் அங்கே ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். அதனால் சோதனையைக் காலி சர்வரில் செய்யுங்கள்.

தமிழில் டிக்கெட் எழுதுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. "ஸ்ரீரங்கம் கிளையில் பிரிண்டர் ஓடவில்லை" என்ற டிக்கெட்டை எக்ஸ்எம்எல்லில் தேடினால் சில சமயம் சிக்காது. காரணம், "ஸ்ரீ"யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். பழைய வழி 'ஸ'வில் தொடங்கும். 2005-இல் வந்த யூனிகோட் 4.1 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்தது; புது வழி அதில் தொடங்கும். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றேதான், ஆனால் கோப்பில் பைட்டுகள் வேறு. யூனிகோடின் நார்மலைசேஷனும் இவற்றை ஒன்றாக்காது.

'ரங்க' என்று மட்டும் தேடுங்கள். இரண்டு ஸ்ரீயும் வரும், திருவரங்கமும் வரும். என்ன, ரங்கராஜன், ரங்கநாதன் எல்லோரும் கூடவே வந்து நிற்பார்கள்.