சிணுங்கல் என்னும் சொல்

குழந்தையின் எரிச்சலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. அவற்றுள் அடம், முரண்டு, நச்சரிப்பு ஆகியன ஒன்றை வேண்டி நிற்பன. சிணுங்கலுக்கு அவ்வேண்டுதல் இன்றியமையாததன்று. உறக்கம் வந்தும் உறங்காத குழந்தை எடுத்தாலும் சிணுங்கும், கிடத்தினாலும் சிணுங்கும். 'மூக்கால் அழுதல்' என அகராதிகள் கூறும் பொருள் ஒலியைச் சுட்டுகின்றதேயன்றி இம்மனநிலையைச் சுட்டவில்லை. ஒலிப்பெயர் மனநிலைப் பெயரானது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முழங்கு, கறங்கு என்பன போலச் சிணுங்கு என்பதும் ஒலிக்குறிப்பினின்று பிறந்த வினையாகலாம். முழங்கு, குமுறு, உறுமு எனப் பேரொலி குறிக்கும் சொற்கள் பலவற்றின் முதலசையில் உகரம் நிற்கக் காண்கிறோம். கிண்கிணி, கிலுகிலுப்பை எனச் சிற்றொலிப் பெயர்களில் இகரம் நிற்கின்றது. (சிணுங்கும் பிள்ளையை அடக்கக் கிலுகிலுப்பையை ஆட்டுகிறோம், இகரத்தை இகரத்தால் வெல்லும் முயற்சி போலும்!) மலையாளத்திலும் இவ்வினை இதே பொருளில் வழங்குகின்றது. மழைத்துளியைக் குறிக்கும் தெலுங்குச் 'சினுகு' இதனோடு உறவுடையது எனக் கருதத் தோன்றும். ஆயினும் ணகர னகர வேறுபாட்டை விளக்காமல் அவ்வாறு துணிதல் தகாது.

'மழை சிணுங்குகிறது' என்னும் வழக்கு நமக்கு வழி காட்டும். அம்மழை பெய்து தீர்வதுமில்லை, விட்டொழிவதுமில்லை. குழந்தையின் சிணுங்கலும் அத்தகையதே. ஒலியினும், சிறுமையும் ஓயாமையுமே இங்குச் சொல்லின் பொருளாயின.

அடுத்த படியைத் தொட்டாற்சிணுங்கி காட்டும். அச்செடிக்கு ஒலியே இல்லை. 1753இல் லின்னேயசு அதற்கிட்ட 'புடிகா' என்னும் இலத்தீன் பெயர் நாணத்தைக் குறிக்கும். கன்னடத்தார் அதனை 'நாச்சிகெ முள்ளு' என நாணமுள்ளாகவே கண்டனர். மலையாளத்தார் தொட்டால் வாடுவது என்றனர். தமிழரோ எளிதில் எரிச்சலுறும் குழந்தையை அதனிடம் கண்டனர். தொட்டாற்சுருங்கி என்னும் பெயரும் நமக்கு உண்டு. செடியின் செயலுக்கு அதுவே மிகப் பொருந்துவது. எனினும், தொட்டதற்கெல்லாம் முகஞ்சுளிக்கும் பிள்ளையைச் சுருங்கி என்பாரில்லை, சிணுங்கி என்றே அழைப்பர். குழந்தையிடமிருந்து செடிக்குச் சென்ற சொல், ஒலியை உதிர்த்துவிட்டு மீண்டும் குழந்தையிடமே வந்துள்ளது.

இச்செடி அமெரிக்க வெப்பநாடுகளுக்கு உரியது. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே இங்கு வந்திருத்தல் வேண்டும். ஆதலின், ஒலிப்பொருள் நீங்கிய இவ்வழக்கைப் 16ஆம் நூற்றாண்டுக்கு முன் கொண்டுசெல்ல இச்செடி சான்றாகாது. எனினும், தொட்டால் இலை மூடும் நீர்ச்சுண்டி போன்ற செடிகள் இந்நாட்டில் உள்ளன. அவற்றின் பெயரே புதுச்செடிக்கு மாறியிருப்பின் இக்காலவெல்லை தளரும்.