எண்ணூர்ச் சாம்பலும் கட்டட முகப்பும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கட்டி வெகு காலம் ஆகாத கட்டடங்களிலுங்கூட மேற்பூச்சு உதிர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. கடலின் உப்புக்காற்றும் ஆலைகளின் புகையும் சேர்ந்து விளைவித்த கேடு இது.

இதற்கு ஒரு பரிகாரம், பட்டறையில் அச்சிட்டு வார்த்த கான்கிரீட் பலகைகளால் முகப்பைப் போர்த்துவதாகும். நிழலில் வார்த்து, நல்ல நீரில் பதப்படுத்தி, சோதித்த பின்னரே பலகையைச் சுவரில் ஏற்றலாம். ஆயினும் எச்சரிக்கை அவசியம். இப்பலகைகள் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவனவல்ல; தூண்களிலும் உத்தரங்களிலும் உலோகக் கொக்கிகளால் பிணைக்கப்படுவன. கொக்கி துருப்பிடித்தால், பலகை வீதியில் செல்வோரின் தலைமேல் விழும். ஆகவே கொக்கி துருவேறா எஃகினால் ஆனதாயிருத்தல் வேண்டும். கம்பியின்மேல் கான்கிரீட்டின் கனமும் குறையலாகாது. 2000-ம் வருஷத்து இந்தியத் தர விதி 456, கடலோரத்திற்கு 45 மில்லிமீட்டரும், கடல்நீர்ச் சாரலும் அரிக்கும் புகையும் படும் இடத்திற்கு 50 மில்லிமீட்டரும் விதித்தது.

இனிச் சாம்பல் விஷயம். 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல் மின் நிலையம் நிலக்கரியை எரித்தது. அருகே வடசென்னை நிலையமும் எரித்து வருகிறது. அச்சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் படிந்து மீனவரின் பிழைப்பைக் கெடுத்தது. அதே சாம்பலை நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சேர்த்துச் சிமெண்டு செய்யலாம். அச்சிமெண்டினால் ஆன கான்கிரீட்டினுள் உப்பு எளிதில் புகாது. ஆனால் நீரில் கரைத்துக் குளத்தில் விட்டுவிட்ட சாம்பல் இதற்கு உதவாது. புகையிலிருந்து பிரிக்கும்போதே உலர்ந்த தூளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாம்பலைப் பயன்படுத்துமாறு மத்திய சர்க்கார் 1999-லேயே உத்தரவிட்டது. 2021-ல் முழுவதையும் பயன்படுத்த வேண்டுமென்று புதிய உத்தரவும் பிறந்தது. உத்தரவு பிறந்தால் மட்டும் போதுமா? வடசென்னையில் எழும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்தின் ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகளைச் சர்க்கார் எழுத வேண்டும்: பலகையில் எண்ணூரின் உலர்சாம்பல், விதிப்படி கம்பியின் மறைவு, துருவேறாக் கொக்கி. மேற்பார்வை செய்யும் இஞ்சினீயர் இம்மூன்றையும் சோதித்துக் கையொப்பமிடாமல் ஒரு பலகையும் மேலேறலாகாது. சாம்பலைச் சுமந்து நஷ்டமடைந்த மீனவக் குப்பங்களின் வாலிபர்களுக்கே அப்பட்டறைகளில் முதல் இடம் தரப்படுமாயின், அது நியாயமுமாகும்.