வெற்றிலை போடுதல்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நில உழைக்கும் பெண்களின் புகையிலை வழக்கும் பெயர் மறைப்பும்

2016–17ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்று, இந்தியப் பெண்களுள் 14.2 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துவதாகக் காட்டுகிறது. அவர்களுள் புகைப்போர் மிகச் சிலரே. மொத்தப் பெண்களில் 2.0 விழுக்காடு. புகையற்ற வடிவங்களைக் கொள்வோரோ 12.8 விழுக்காடு. ஆகவே வறிய ஊரகப் பெண்களின் பழக்கத்தைப் ‘புகைபிடித்தல்’ என்னும் தலைப்பில் ஆராயப் புகுவோர் அதன் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே தவறவிடுகின்றனர். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை முன்வைத்து, இப்பழக்கத்திற்குச் சமூகம் இட்ட பெயரும் அப்பெயர் ஆற்றும் பணியும் இக்கட்டுரையில் விளக்கப்பெறுகின்றன.

இவ்வட்டாரம் மானாவாரி நிலம். மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பலருக்குக் கைகொடுக்கும் தொழில். களையெடுப்பு, மிளகாய் பறிப்பு, விறகு சுமத்தல், கரி பொறுக்குதல், நூறுநாள் வேலை என எங்குச் சென்றாலும் மூத்த பெண்களின் இடுப்பில் சுருக்குப்பை இருக்கும். அதனுள் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, கிள்ளிவைத்த புகையிலை. பீடிக்குத் தீ வேண்டும். ஒரு கை வேண்டும். வேலையினின்று சற்று விலகி நிற்கும் உரிமையும் வேண்டும். அவ்வுரிமை ஆண்களுக்கு உண்டு. நிரை பிடித்துக் களையெடுக்கும் பெண்ணுக்கு இல்லை. வாயில் அடக்கிய புகையிலை இவற்றுள் எதையும் கேட்பதில்லை, பசியையும் மந்தப்படுத்துகிறது. மதியக் கஞ்சி தள்ளிப்போகும் நாள்களில் இது சிறிய செய்தியன்று. பழக்கத்தைப் ‘பண்பாடு’ என்று மட்டும் எழுதிச் செல்லும் கட்டுரைகள் கூலி வேலையின் இக்கணக்கைக் காண்பதில்லை.

எனினும் வடிவத்தைத் தேர்வதில் பண்பாட்டுக்குப் பங்குண்டு. கருப்பசாமி, முனியசாமி முதலிய காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைக்கப்படுகிறது; அம்மனுக்கு வெற்றிலை பாக்கு. புகை ஆணுக்கு, இலை பெண்ணுக்கு என்னும் பாகுபாடு வழிபாட்டிலேயே அமைந்துள்ளது. மாதவிலக்கு நின்ற முதியவள் சுருட்டுப் பிடித்தால் ஊர் கண்டுகொள்வதில்லை. அதையே இளம் மருமகள் செய்தால் குடும்பத்தின் மானம் பேசப்படும். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினக் கடலோரங்களில் பெண்கள் சுருட்டின் தீமுனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் மருத்துவ நூல்களில் நன்கு பதிவாகியுள்ளது. பெண் புகைப்பது இயல்புக்கு மாறானது என்னும் வாதத்திற்கு அண்டை மாநிலமே மறுப்பாக நிற்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ இவ்விலைக்குத் தெய்வப் பிறப்பே கற்பிக்கிறது. பிரமன் தன் இலையைக் கலைமகளின் நாவில் வைத்துக் காத்தமையால் அது போகாத இலையாகிப் ‘போகையிலை’ எனச் சிலேடை பெறுகிறது. ‘பிரமபத்திரம்’ என்னும் பெயரும் இதற்குண்டு. புலவர் பெயரைப் பெருக்கினார். பேச்சுவழக்கு அதைச் சுருக்கி மறைத்தது. ‘வெற்றிலை போடுதல்’ என்னும் தொடருக்குள் ‘போயிலை’ சொல்லப்படாமலே அடங்கிவிடுகிறது. மூக்குப்பொடியை ஈறில் தேய்ப்பதும் ‘பல்வலிக்கு வைப்பது’ என்றே குறிக்கப்படுகிறது. தாம்பூலம் மங்கலப் பொருள். அம்மங்கலத்தின் நிழலில் புகையிலை பழிச்சொல்லின்றி வாழ்கிறது. மங்கலச் சடங்கில் தாம்பூலத் தட்டு நீட்டப்படாத கைம்பெண்ணுக்கும் சுருக்குப்பை விலக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது.

இம்மறைப்பின் விலை உடல்மீது விழுகிறது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிப்பது என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இலேயே வகைப்படுத்தியது. புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும் 2004இல் அவ்வாறே வகைப்படுத்தியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் அச்சாகிறது. பெட்டிக்கடையில் கிழித்துக் காகிதத்தில் மடித்துத் தரப்படும் இலையில் அப்படம் ஏது?

‘நீங்கள் புகையிலை பயன்படுத்துகிறீர்களா?’ என்று எழுத்துநடையில் கேட்கும் களப்பணியாளருக்கு, வாயில் சாறு ஊறிக்கொண்டிருக்கும்போதே ‘அதெல்லாம் இல்லை’ என்னும் விடை கிடைத்துவிடலாம். அவ்விடையில் பொய்யில்லை, அவர் அறிந்த சொல்லில் அவர் செய்வது வெற்றிலை போடுதலே. ‘வெத்தலையோட என்னென்ன சேத்துப் போடுவீங்க?’ என்று கேட்டால் பாக்கு, சுண்ணாம்பு என்று எண்ணத் தொடங்கி, மூன்றாவதாகவோ நான்காவதாகவோ போயிலையும் வந்துவிடும். வினாப்படிவம் வகுக்கும் நலத்துறையினர் வட்டார வழக்கறிந்த தமிழாய்வாளரை அழைக்க வேண்டிய இடம் இது.